காய்ந்த என்று தொடங்கிய வெண்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் நடந்தது முன்னும் பின்னுமாக வரும், சிலது மறந்தும் போகிறது. எங்கேயாவது குளறுபடியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஏழு சீர் மட்டும் மறக்கவில்லை. மறந்தால் நல்லது என்று நானே எத்தனையோ தடவை நினைத்தேன், மறக்கவில்லை.

நாங்கள் இருப்பது மதுரை விளாங்குடியில். மேற்கே காடு கரை வைத்திருந்த குடும்பம். மகள் படிப்புக்காக டவுனுக்கு வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம். வீட்டுக்காரர் மட்டும் மனசு கேட்காமல், போன வருசம் வரைக்கும் விடியக்காலம் பஸ் ஏறி வயலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மகள் கல்யாணமாகி ஆனையூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் அவரும்தான்.

மகள்தான் எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, வாட்ஸப்பில் யாப்புக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். சின்ன வயதில் நான் பாட்டுப் புத்தகத்தை விடாமல் வைத்திருப்பேன் என்று என்றைக்கோ சொன்னதை அவள் ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா அந்தக் குழுவை நடத்துகிறார். தினமும் குரல் பதிவு போடுவார். நான் காய் நறுக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். வீட்டுக்காரர் நான் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. இந்த வயதில் வெண்பா படிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐயா சொல்லிக் கொடுத்தது இதுதான். எழுத்து சேர்ந்து அசை. தனியாகத் தட்டினால் நேர், ஒரு குறில் அடுத்த எழுத்தோடு ஓடிச் சேர்ந்தால் நிரை. அசை சேர்ந்து சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். மூன்றாவதாக ஒரு நேர் வந்தால் காய். வெண்பாவுக்குள் மாவுக்குப் பின்னால் நிரைதான் வரவேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின்னால் நேர்தான் வரவேண்டும். மாறினால் தளை தட்டிவிட்டது என்பார்.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. கண்ணில் பட்ட பேரையெல்லாம் விரலால் தட்டிப் பார்ப்பேன். மதுரை என்றால் மது, ரை. புளிமா. விளாங்குடி என்றால் விளாங், குடி. கருவிளம். எங்கள் ஊர்ப்பேருக்குள்ளேயே விளம் இருக்கிறது என்று ஒரு நாள் பூராவும் சந்தோசமாக இருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பேர் மாட்டுத்தாவணியைத் தட்டினால் நாலு அசை வந்தது, வெண்பாவுக்குள் அந்த பஸ் வராது என்று விட்டுவிட்டேன். குழுவில் எல்லாரும் எழுதிப் போடுவார்கள். நான் ஒரு வரி போட்டதில்லை. படிப்பேன், கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவேன், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறுவார். ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்.

"தெறந்தா மறுபடி மூடிருவீங்கல்ல சார்?"

டாக்டர் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம்தான் ஐயா பயிற்சி ஒன்று கொடுத்தார். உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு குறள் வெண்பா எழுதுங்கள், முதலடி நாலு சீர், இரண்டாவது அடி மூன்று சீர். எனக்கு வேறு யாரை எழுதத் தோன்றும்? நெஞ்சில் இருந்ததெல்லாம் அவர்தான். தண்ணீர் முறை வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் ஓடுகிற ஆள். அதை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

காய்ந்த வயலுக்குக் கால்வாயாய் ஓடுவார்
ஓய்ந்தாலும் என்றன் உயிர்

போடுவதற்கு முன்னால் பலமுறை தட்டிப் பார்த்தேன். காய்ந், த. நேர் நேர், தேமா. மாவுக்குப் பின்னால் நிரை வரவேண்டும். வய, லுக், குக். நிரையில் தொடங்குகிறது, புளிமாங்காய். காய்க்குப் பின்னால் நேர். கால், வா, யாய். தேமாங்காய். அடுத்து ஓ, டுவார். கூவிளம். விளத்துக்குப் பின்னால் நேர் வேண்டும், இரண்டாவது அடி ஓய்ந் என்று நேரில்தான் தொடங்குகிறது. ஓய்ந், தா, லும், தேமாங்காய். என், றன், தேமா. கடைசிச் சீர் உயிர். ஒற்றை நிரை, அதற்கு மலர் என்று பேர்.

எதுகையும் இருந்தது. எதுகை என்றால் இரண்டு அடியிலும் முதல் சீரின் இரண்டாவது எழுத்து ஒத்துப்போவது. காய்ந்த, ஓய்ந்தாலும். மோனையும் இருந்தது. காய்ந்தவுக்குக் கால்வாய், ஓய்ந்தாலும் என்பதற்கு உயிர். ஓவும் உவும் மோனையில் ஒரே இனம் என்று ஐயா சொல்லியிருக்கிறார். ஓடுவான் என்று போட்டாலும் கணக்கு ஒன்றுதான், பாட்டில் அப்படிப் போடலாமாம். எனக்குக் கை வரவில்லை. ஓடுவார் என்றே போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும், அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எடுத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஐயாவின் குரல் பதிவு வந்திருந்தது. "விளாங்குடி அம்மாவின் முதல் முயற்சி. தளை எங்கும் தட்டவில்லை. எதுகை நெடிலுக்கு நெடிலாக அமைந்திருக்கிறது. முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் வருகிற பொழிப்பு மோனை இரண்டு அடியிலும் வந்திருக்கிறது. அம்மா, இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு செய்தி வந்தது. கே.கே. நகரில் இருக்கும் ஒரு அம்மா, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர், எழுதியிருந்தார். குறள் அருமை. ஆனால் பாட்டியல் நூல்கள் சொல்லும் பொருத்தம் பார்த்தால், ஒருவரைப் பாடும் பாட்டு மங்கலச் சொல்லில் தொடங்கவேண்டும். சீர், திரு, பொன், பூ, நீர், மலை என்று அதற்குத் தனியாகச் சொற்கள் இருக்கின்றன. 'காய்ந்த' என்பது முதல் சீரில் நிற்பது பாட்டுடைத் தலைவருக்கு ஆகாது என்பார்கள். அடுத்த முறை கவனிக்கலாம். இப்படி எழுதி, கீழே ஒரு பூ படமும் போட்டிருந்தார்.

பாட்டுடைத் தலைவருக்கு ஆகாது. பாட்டுடைத் தலைவர் என்றால் பாட்டு யார்மேலோ அவர், என் வீட்டுக்காரர்.

படித்தவர்களுக்கு இது ஒரு விதி, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. நான் பேச்சுக்கு அஞ்சி வளர்ந்தவள். எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிர வை என்போம். அரிசிப் பானை காலியானால் இல்லை என்று வாயில் வராது, நிறைஞ்சிருக்கு என்போம். தாலிக்கயிறு இற்றுப்போனால் அறுந்தது என்று எவளும் சொல்லமாட்டாள், பெருகிப்போச்சு என்றுதான் சொல்வாள். வெளியே கிளம்புகிற ஆம்பிளை போறேன் என்று சொன்னால், வாரேன்னு சொல்லிட்டுப் போங்க என்று வாசலில் மறிப்போம். அப்படிப்பட்ட நான், நெஞ்சைத் திறக்கப்போகிற மனுசனுக்குப் பாட்டு எழுதி, அதன் தலைவாசலில் காய்ந்த என்று வைத்திருக்கிறேன்.

போனை எடுத்து மறுபடி பார்த்தேன். முதலில் படிக்கும்போது தெரியாதது இப்போது தெரிந்தது. அடி அடியாகப் படிக்காமல் ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் காய்ந்த, ஓய்ந்தாலும். கடைசியில் நிற்பது உயிர். நான் அர்த்தத்தை யோசித்து ஓய்ந்தாலும் என்று போடவில்லை. காய்ந்தவுக்கு எதுகை தேடினேன், அது வந்தது, வைத்தேன். எதுகை கூப்பிட்டால் யார் யாரெல்லாம் வந்து நிற்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அழித்துவிடலாம் என்று அமுக்கினேன். என் போனில் மட்டும்தான் அழிந்தது. எல்லாருக்கும் அழிக்கிறதை விட்டு வேறு எதையோ அமுக்கிவிட்டேன் போல. அதற்குள் ஐயா அதை அந்த வாரத் தொகுப்பில் வேறு சேர்த்துக் குழுவில் போட்டுவிட்டார். எத்தனை பேர் வீட்டில், எத்தனை போனில், என் வீட்டுக்காரர் காய்ந்து ஓய்ந்து கிடக்கிறாரோ என்று இருந்தது.

திங்கட்கிழமை கே.கே. நகர் அம்மாவுக்கு, இதற்குப் பரிகாரம் உண்டா என்று தனியாக எழுதிக் கேட்டேன். எழுதிய அடுத்த நிமிசம் அவரே கூப்பிட்டுவிட்டார். எனக்குப் போனில் பேசவே கூச்சம்.

"அக்கா, நான் சொன்னத தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"நான் ஏதோ புத்தகத்துல படிச்சத சொன்னேன்க்கா. ராஜா, சாமின்னு பெரிய நூல் பாடுறப்ப பாக்குறது. இப்பல்லாம் யாருக்கா பாக்குறா?"

"பாக்கலேன்னா ஒண்ணும் செய்யாதாம்மா?"

அப்புறம், "பாட்டு யாரப்பத்திக்கா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரரைப் பற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதாம்மா, எங்க பக்கத்து விவசாயி ஒருத்தரு" என்றேன்.

"பெறகென்னக்கா, விடுங்க. வேணும்னா முதல் சீர மட்டும் மாத்திப் போட்டுருங்க."

முதல் சீரை மட்டும் மாற்றுவது. சொல்லிவிட்டார். முதல் சீர் என்பது வீட்டுக்கு வாசல்நிலை மாதிரி, அதைப் பிடுங்கினால் சுவர் சும்மா நிற்குமா? காய்ந்த போனால் எதுகை போகும். எதுகையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதே ஓசையில் வேறு சொல் வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டு தேடினேன். சாய்ந்த. தேய்ந்த. மாய்ந்த. ஒவ்வொன்றாக வாயில் வந்து விழுந்தது. அந்த ஓசைக்குள் நல்ல சொல்லே இல்லையோ என்று நினைக்கும் அளவுக்கு எல்லாம் அப்படியே வந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்க வந்திருந்த மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னம்மா, மாய்ந்த மாய்ந்தன்னு மொணங்குற? அப்பா காதுல விழுந்தா என்ன நெனப்பாரு?"

என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். அவளிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "உனக்குப் பொழுது போகட்டும்னு சேத்துவிட்டேன், நீ அதுல ஒரு பயத்தப் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிற" என்றாள். அவளே ஐயாவுக்கும் செய்தி போட்டுக் கேட்டாள். ஐயா, "பெரிய நூலின் முதற்பாட்டுக்குத்தான் அந்தப் பொருத்தமெல்லாம். ஒரு குறள் வெண்பாவுக்கு யாரும் பார்ப்பதில்லை அம்மா. அமைதியாக இருங்கள்" என்று பதில் அனுப்பினார். யாரும் பார்ப்பதில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? பாம்பை யாரும் பார்க்கவில்லை என்றால் புற்றில் பாம்பு இல்லையா? என் மனசு இப்படித்தான் போனது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சு முடியை மழித்தார்கள், ஏதேதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான் கட்டில் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சேலை முந்தானைக்குள் விரலைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பாய்ந்த என்று ஒன்று கிடைத்தது. பாய்ந்த வயலுக்குக் கால்வாய் எதற்கு? தோய்ந்த என்று ஒன்று. அதுவும் அப்படித்தான். அது சரியாக வந்தாலும் இரண்டாவது அடியில் ஓய்ந்தாலும் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் எதுகையையே மாற்றிவிட்டேன். மங்கலச் சொல்லில் பூ இருக்கிறதே என்று பூவைப் பிடித்துக்கொண்டேன்.

பூத்த வயலுக்குப் பொன்னீராய் ஓடுவார்
மூத்தாலும் என்றன் உயிர்

தட்டிப் பார்த்தேன். தளை தட்டவில்லை. பூத்த, மூத்தாலும், எதுகை இருந்தது. முதல் அடியில் பூவுக்குப் பொன் மோனையும் வந்தது. இரண்டாவது அடியில் மூவுக்கும் உவுக்கும் மோனை இல்லை, போனால் போகிறது. பூவும் பொன்னும் நீரும் உள்ளே இருக்கிறது, இனி எந்தக் கெட்டதும் அண்டாது என்று ஒரு மூச்சு விட்டேன். ஆனால் படிக்கப் படிக்க அதில் என் வீட்டுக்காரர் இல்லை. பொன் நீர் பாய்ச்சுகிற ஆளை நான் எங்கே பார்த்தேன்? கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பாட்டு மாதிரி இருந்தது. அதனால் என்ன, உயிர் பெரிதா பாட்டு பெரிதா என்று அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். முதல் பாட்டை இது மூடிவிடும் என்று நம்பினேன்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். இவர் என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்காரு, ரெண்டு நாளா பாக்குறேன். உள்ள என்னத்தத் தட்டிக்கிட்டே இருக்க? சாமிக்கு எதுவும் நேந்துக்கிட்டியா?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒதடு வேற அசையுது. நாளைக்கு அறுபடப் போறவன்ட்ட ஒளிக்காத. சொல்லு."

அறுபடப் போறவன் என்று அவர் சொன்னதும் அவர் வாயைப் பொத்தினேன். அவர் கையைத் தட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் குழுவைச் சொன்னேன், சொற்பொழிவு இல்லை என்பதைச் சொன்னேன், பாட்டு எழுதியதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாதிரி குறும்பு வந்தது.

"எம்மேல பாட்டா? அடி இவளே! இம்புட்டு நாள் கமுக்கமா இருந்திருக்க. சொல்லு பாப்போம்."

பூத்த வயலைச் சொன்னேன். மெதுவாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா நீ வயக்காட்டுல எங்கூட இருந்தவதான? பூத்த வயலுக்கு எவன்டி ஓடுறான்? அதுல ஏற்கனவே தண்ணி நிக்கும். வரப்புல குத்தவச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். காஞ்ச வயலுக்குத்தான் ஆளு ஓடணும்."

நான் முதலில் எழுதியதைத்தான் அவர் வாய் சொன்னது. நான் அழுவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். அப்புறம் முதலில் வேறு பாட்டு எழுதினேன் என்பதையும், அது ஏன் ஆகாது என்று சொன்னார்கள் என்பதையும், ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பாட்டைச் சொல்லு என்றார். மாட்டேன் என்றேன். நாளைக்கு முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்குப் பெறகு யாருக்குச் சொல்லுவ?" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். சொன்னபிறகு அவர் சிரிப்பும் நின்றுபோனது. அவருக்கும் உள்ளே பயம் இருந்திருக்கிறது. அதுவரை எனக்குத் தெரியவில்லை, அந்த நிமிசம்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நர்ஸ் வந்து, "தாத்தா, பி.பி. ஏறுது, பாட்டிகிட்ட சண்டை போட்டீங்களா?" என்று கேட்டது. "அவதேன் எம்மேல பாட்டுக் கட்டி ஏத்திவிட்டா" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

வியாழக்கிழமை காலையில் பச்சைத் துணி உடுத்தி, தள்ளுவண்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். குலசாமித் திருநீறை நெற்றியில் பூசினேன். நர்ஸ், "உள்ள போறப்ப துடைச்சிருவோம்மா" என்றது. பரவாயில்லை, கதவு வரைக்கும் இருக்கட்டும் என்றேன். கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, உள்ளே யாரையோ கூப்பிட்டார்கள். மகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அதச் சொல்லு."

எனக்குத் தெரியாத மாதிரி, "எது?" என்றேன்.

"காஞ்ச வயல."

மகள் என்னைப் பார்த்தாள். நர்ஸ் பார்த்தது. எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேரைச் சொல்லக்கூட வாய் வராது. அதோடு அந்தச் சொல். விளக்கை அணை என்று சொல்லாதவள், கதவுக்குள் போகிற மனுசன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? பூத்த வயலைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார். அது வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அந்தக் கண்ணில் முந்தின நாள் பார்த்த பயம் அப்படியே இருந்தது. பொன் நீரை வைத்துக்கொண்டு அந்தப் பயத்துக்கு என்ன செய்வது? அவருக்குத் தன்னைத் தெரிந்த ஒரு ஆள் சொல்கிற சொல் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி யோசித்தேனா என்று கேட்டால் இல்லை. முடியாது என்று சொல்லி அவரை உள்ளே அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

காய்ந்த என்று தொடங்கினேன். அந்த ஒரு சீரைத் தாண்டுவதற்குள் உயிர் போய் வந்தது. அடுத்த சீர் நிரையில் ஓடியது, அது என்னை இழுத்துக்கொண்டு போனது. ஓடுவார் என்று வரும்போது அவர் உதடும் கூட அசைந்தது. இரண்டாவது அடியின் முதல் சீரை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முடித்ததும் மகள் மேல் சாய்ந்துவிட்டேன்.

"நல்லா இருக்குடி. மாத்தாத" என்றார். வண்டி நகர்ந்தது. "போயிட்டு வாரேன்" என்றார். வாரேன் என்று சொன்னதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது.

கதவு மூடிக்கொண்ட பிறகு உட்கார்ந்திருந்ததுதான் பெரிய கொடுமை. சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று ஒரே நினைப்பு. எதிரில் இருந்த பலகையைத் தட்டிப் பார்த்தேன். அறுவை அரங்கு. அறு, வை, புளிமா. அடுத்தது அரங் என்று நிரையில் தொடங்குகிறது. தளை தட்டவில்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை, அமைதி காக்கவும். அமை, தி, புளிமா. அடுத்தது காக், நேர். மாவுக்குப் பின்னால் நேர். தட்டிவிட்டது. பலகை எழுதினவன் வெண்பாவா எழுதினான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் எழுந்து போய், அந்தப் பலகை கண்ணில் படாத நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். ஒரு விள்ளல் கூட இறங்கவில்லை.

"அம்மா, நீ சொன்னதுல அப்பா முகம் எப்படி ஆச்சுன்னு பாத்தியா?" என்றாள்.

"எப்படி ஆச்சு?"

"வயலுக்குக் கெளம்புவாருல்ல, அப்ப இருக்குற மாதிரி."

நான் பார்க்கவில்லை. நான் என் வாயிலிருந்து விழுந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு, நல்லபடியாக முடிந்தது, ஆனால் இரண்டு நாள் போகவேண்டும் என்றார். அந்த ஆனாலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த இரண்டு நாளும் இருந்தேன். கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். வாயில் குழாய், நெஞ்சில் கட்டு. மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். குழாயை எடுத்த பிறகு நான் உள்ளே போனேன். குரல் வரவில்லை, உதட்டை மட்டும் அசைத்துத் தண்ணி என்றார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு இருமச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியே செய்கிறார். தெருமுனை வரைக்கும் நடக்கிறார். கே.கே. நகர் அம்மாவிடம் மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்க்கா" என்றார். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவர் நெஞ்சறிய நல்லதுக்குத்தான் சொன்னார். வீட்டுக்காரர் அவரிடம், "அந்தப் பூத்த வயலையும் கேளுங்கம்மா, காமெடியா இருக்கும்" என்று சொல்லி என் மானத்தை வாங்கினார்.

எல்லாரும் பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. அடுத்த மாசம் மறுபடி படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நல்லபடியாக எழுந்து வந்தது அந்தப் பாட்டையும் மீறியா, அந்தப் பாட்டாலா, பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று எனக்குத் தெரியாது. பூத்த வயலைக் குழுவில் போடவில்லை. மாத்தாத என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை மீறவும் பயம், அதை அப்படியே விடவும் பயம்.

அதனால்தான் கூச்சத்தை விட்டு இவ்வளவையும் எழுதினேன். யாப்பும் பாட்டியலும் முறையாகப் படித்தவர்கள் இதைப் படித்தால், தயவு செய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் அசை பிரித்தது சரிதானா, பலகைகளைத் தட்டியது சரிதானா, மங்கலச் சொல் என்று நான் எழுதியிருப்பவை நூலில் உள்ளபடிதானா என்று பாருங்கள். காது வழியாகக் கேட்டதுதான் எல்லாம், ஒன்றிரண்டு மாறியிருக்கும். முக்கியமாக ஒன்று. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பாடி, முதல் சீர் இப்படி விழுந்துவிட்டால், அந்த நூல்களில் அதற்கு மாற்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் படம் எடுக்கிற நாளுக்கு முன்னால் தெரிந்தால் நல்லது. இல்லை என்றால், இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.